இரண்டு பேருந்துகள் ஏன் சேர்ந்தே வருகின்றன?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

காலை எட்டு மணிக்கு நிறுத்தத்தில் வந்து நின்று, நாற்பது நிமிடம் எந்தப் பேருந்தும் வராமல், கடைசியில் ஒரே எண்ணுள்ள இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திராத மாணவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. முன்னது படிக்கட்டில் தொங்கும் கூட்டத்தோடு ஒருபுறம் சாய்ந்து வரும். பின்னதில் பத்துப் பேர் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாமோ அவசரத்தில் முன்னதிலேயே தொற்றிக்கொள்வோம். பிறகு ஓட்டுநரையும் நடத்துனரையும் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருவோம்.

நானும் திட்டியவன்தான். சென்ற பருவத்தில் என் வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்துவிட்டது. நோயுமில்லை, ஊர் சுற்றவுமில்லை. முதல் பாடவேளைகள் போயின, அவ்வளவே. குறைவை மன்னிப்பதற்கென்று ஒரு கட்டணம் உண்டல்லவா, அதைக் கட்டித்தான் தேர்வு எழுதினேன். என் தாயார் எங்கள் ஊர் நிறுத்தத்தில் பூக் கட்டி விற்கிறார். அந்தக் கட்டணம் அவருக்கு எத்தனை நாள் வியாபாரம் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “இவ்வளவு கணக்குப் படிக்கிறியே, இந்த பஸ்ஸு ஏன் இப்படி வருதுன்னு உங்க வாத்தியாருங்க சொல்லித் தரலையா?”

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “தெரியாது” என்று சொல்ல வெட்கமாக இருந்தது. துணைப்பாடமான புள்ளியியல் வகுப்பு முடிந்ததும் எங்கள் பேராசிரியரிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஓர் ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில் கொடுத்து, “படித்துப் பார், உன் தாயாருக்குப் பதில் இதில் இருக்கிறது” என்றார். அகராதியும் கையுமாக மூன்று வாரம் அதனோடு மல்லுக்கு நின்றேன். அதில் எனக்கு விளங்கியதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த ஆராய்ச்சி நடந்த இடம் ஒரு கல்லூரி வளாகம். நம் கல்லூரியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஐந்து நிமிடத்தில் நடந்து கடந்துவிடலாம். நடுவில் வேப்பமரத்தடியில் நின்று பேசினால்தான் பத்து நிமிடம். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் அப்படியல்ல. அவை சிற்றூர்களைப் போன்றவை. விடுதி ஒரு மூலை, நூலகம் ஒரு மூலை, ஆய்வுக்கூடம் வேறொரு மூலை. ஆகவே வளாகத்துக்குள்ளேயே மாணவர்களை ஏற்றி இறக்கப் பேருந்துகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்திலும் அப்படியே. அங்கும் பேருந்துகள் சேர்ந்து சேர்ந்து வந்தன என்பதைப் படித்தபோது, எங்கள் ஊர் நிறுத்தத்திற்கு வந்துவிட்டதைப் போலவே உணர்ந்தேன்!

குற்றம் யாருடையது?

பேருந்துகள் ஏன் சேருகின்றன என்பதைக் கணித முறையில் முதன்முதலில் ஆராய்ந்தவர்களுள் கோர்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்னும் இருவர் முக்கியமானவர்கள். 1964-ஆம் ஆண்டு அவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். (பாட்ஸ் என்ற பெயரை நம் இயற்பியல் துறை நண்பர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். காந்தப் பொருள்களை விளக்க 1952-இல் வந்த ‘பாட்ஸ் மாதிரி’ இவருடையதுதான்.)

அவர்கள் சொன்னதன் சாரம் இது. ஒரே வழியில் இரண்டு பேருந்துகள் சம இடைவெளியில் ஓடுகின்றன என்று கொள்வோம. முன்வண்டி ஏதோ காரணத்தால் ஒரு நிமிடம் தாமதமாகிறது. ரயில்வே கேட், குறுக்கே வந்த மாட்டுவண்டி, சில்லறைத் தகராறு, எதுவாகவும் இருக்கட்டும். அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் மேலும் நாலு பேர் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறச் சிறிது நேரம் பிடிக்கிறது. தாமதம் இன்னும் கூடுகிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் அதைவிடக் கூட்டம். பின்வண்டியின் கதை இதற்கு நேர்மாறு. ஏற வேண்டியவர்களை முன்வண்டியே அள்ளிக்கொண்டு போய்விட்டதால் அது நிற்கும் நேரம் குறைகிறது, வேகமாக முன்னேறுகிறது. இடைவெளி சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

இதில் ஓட்டுநரின் சோம்பலும் இல்லை, நடத்துனரின் அலட்சியமும் இல்லை. பந்தைக் கிண்ணத்துக்குள் வைத்தால் எவ்வளவு ஆட்டினாலும் அடிக்கே வந்து சேரும். கவிழ்த்த கிண்ணத்தின் முதுகில் வைத்தால் மூச்சுக்காற்று பட்டாலும் உருண்டு விழும். பேருந்துகளின் சம இடைவெளி கவிழ்த்த கிண்ணத்தின் மேலிருக்கும் பந்து. அதைச் சும்மா விட்டால் விழத்தான் செய்யும்.

இதை வீட்டில் போய் மிகுந்த பெருமையோடு விளக்கினேன். என் தாயார் பூ நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டார். “முன்னாடி வண்டி நெறஞ்சு வந்தா பின்னாடி வண்டி சும்மா வரும். இது பதினஞ்சு வருஷமா எனக்குத் தெரியுமே! அதைத் தடுக்கிறது எப்படின்னு போட்டிருக்கா?” என்றார்.

காத்திருப்பின் கணக்கு

தடுக்கும் வழியைச் சொல்லுமுன், சேர்ந்து வருவதால் நமக்கு நேரும் நட்டம் எவ்வளவு என்று பார்ப்போம். மணிக்கு இரண்டு பேருந்து என்றால் சராசரி இடைவெளி 30 நிமிடம். எப்போதாவது நிறுத்தத்திற்கு வருபவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார் என்று நாம் நினைப்போம். இடைவெளிகள் 30, 30 என்று இருந்தால் அது சரிதான்.

ஆனால் இடைவெளிகள் 10, 50 என்று ஆகிவிட்டால்? மணிக்கு இரண்டு பேருந்து என்பது அப்போதும் உண்மை. சராசரி இடைவெளி அப்போதும் 30. ஆனால் நாம் நிறுத்தத்திற்கு வருவது அந்த 50 நிமிட இடைவெளிக்குள் விழும் வாய்ப்பு ஆறில் ஐந்து. அதில் விழுந்தவர் சராசரி 25 நிமிடம் நிற்பார். 10 நிமிட இடைவெளியில் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. அவர் நிற்பது 5 நிமிடம். இரண்டையும் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் சராசரிக் காத்திருப்பு ஏறக்குறைய 21 நிமிடம் 40 விநாடி. இரண்டும் ஒட்டியே வந்தாலோ 30 நிமிடம். அதாவது இரண்டு பேருந்துகளுக்கு டீசல் போட்டு, இரண்டு ஓட்டுநர், இரண்டு நடத்துனருக்குச் சம்பளம் கொடுத்து, ஒரே ஒரு பேருந்து விட்டால் என்ன சேவை கிடைக்குமோ அதைத்தான் பெறுகிறோம்.

நிற்பவருக்கு இது இன்னும் நீளமாகத் தோன்றும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகப் பேருந்து நிறுத்தங்களில் காத்திருப்போரைக் கேட்டு ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மக்கள் தாங்கள் நின்றதாக நினைக்கும் நேரம், உண்மையில் நின்ற நேரத்தைவிட அதிகமாகவே இருந்தது. தேர்வு நாளில் நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

பின்னால் பார்த்து நிற்பது

பழைய வழி, கால அட்டவணை. “இந்த நிறுத்தத்தில் 8.15-க்கு முன் புறப்படாதே” என்பது விதி. அட்டவணையில் நேரத்தைத் தாராளமாகப் போட்டால் வண்டி ஒவ்வொரு நடையிலும் வீணாக நிற்கும். இறுக்கமாகப் போட்டால் ஒருமுறை பிந்திய வண்டி மறுபடி அட்டவணையைப் பிடிக்கவே முடியாது. பிடிப்பதற்காக ஓட்டுநர் விரட்டுவார். அதன் விளைவுகளை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம்.

ஜார்ஜியாவில் ஜான் பார்த்தோல்டியும், அவரோடு சேர்ந்து டொனால்ட் ஐசன்ஸ்டைனும் வேறுவிதமாக யோசித்தார்கள். இருவரும் 1996-இல், தொழிற்சாலையில் வரிசையாக நிற்கும் தொழிலாளர்களிடையே வேலை தானாகவே சமமாகப் பங்கிடப்படும் ஒரு முறையைக் கணிதத்தால் நிறுவியவர்கள். தீயணைக்க வாளி கைமாற்றுவதைப் போன்றது அது. மேற்பார்வையாளர் வந்து பங்கு பிரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் ஓர் எளிய விதியைப் பின்பற்றினால் போதும். பார்த்தோல்டிக்கு எளிய கருவிகளின் மீது ஒரு காதல் இருந்திருக்க வேண்டும். 1983-இல் அட்லாண்டாவில் முதியோர் வீடுகளுக்கு உணவு கொண்டுபோகும் வண்டிகளுக்கு, கணினியே இல்லாமல் அட்டைகளை வரிசையாக அடுக்கி வழி வகுக்கும் முறையைத் தம் சகாக்களோடு அமைத்துக் கொடுத்தவர் அவர். ஏழைக்கு எட்டும் கணிதமும் உண்டு என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

பேருந்துக்கு அவர்கள் சொன்ன விதி 2012-இல் வெளிவந்தது. அட்டவணையைத் தூக்கி எறிந்துவிடுங்கள். இத்தனை நிமிட இடைவெளி வேண்டும் என்ற இலக்கும் வேண்டாம். வழியில் ஒரு நிறுத்தத்தைக் கட்டுப்பாட்டு இடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேருந்து அங்கே வந்ததும், தனக்குப் பின்னால் வரும் பேருந்து அங்கே வந்து சேர இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு மட்டும் நின்றுவிட்டுப் புறப்பட வேண்டும். விதி முழுவதும் இவ்வளவுதான்.

பங்கு ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பின்வண்டி 25 நிமிடத் தொலைவில் இருந்தால் 5 நிமிடம் நிற்க வேண்டும். தொலைவில் கிடப்பவன் நெருங்கி வர வழி பிறக்கும். பின்வண்டி 5 நிமிடத்தில் வந்துவிடும் என்றால் 1 நிமிடமே நின்று நழுவிவிட வேண்டும். முன்னே போனவனைப் பற்றிக் கவலையில்லை. பின்னே வருபவனைப் பார்த்தே நடக்க வேண்டும். பின்வண்டி எங்கே வருகிறது என்பதைச் செயற்கைக்கோள் வழி அறியும் கருவி சொல்லிவிடும். அந்தக் கருவிகள் வருமுன் இவ்விதியை நடைமுறைப்படுத்துவது கடினமாக இருந்திருக்கும்.

கட்டுரையில் உள்ள நிரூபணம் முழுவதும் எனக்குப் பிடிபடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே நானே தாளில் எண்களைப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் உடன் போட்டுப் பாருங்கள். வழியை ஒருமுறை சுற்ற 42 நிமிடம். மூன்று பேருந்துகள். நிற்கும் பங்கு ஐந்தில் ஒன்று. ஏறும் கூட்டத்தால் வரும் தாமதத்தைத் தற்போதைக்கு விட்டுவிடுவோம்.

முதல் வண்டி கட்டுப்பாட்டு இடத்துக்கு 8.00-க்கு வருகிறது. இரண்டாவது 8.05-க்கு, மூன்றாவது 8.20-க்கு. முதல் வண்டிக்குப் பின்வண்டி 5 நிமிடத்தில் இருப்பதால் 1 நிமிடம் நின்று 8.01-க்குப் புறப்பட்டு, சுற்றி 8.43-க்குத் திரும்புகிறது. இரண்டாவதற்குப் பின்னே 15 நிமிடம். ஆகவே 3 நிமிடம் நின்று 8.08-க்குக் கிளம்பி 8.50-க்கு வருகிறது. மூன்றாவதற்குப் பின்னே 23 நிமிடம். அது நாலரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நிற்கும். இப்படியே போட்டுக்கொண்டு போனால் இடைவெளிகள், அரை நிமிடத்துக்குத் திருத்தமாக, பின்வருமாறு அமைகின்றன:

முதல் சுற்று: 5, 15, 23
இரண்டாம் சுற்று: 7, 16½, 20
மூன்றாம் சுற்று: 9, 17, 17½
நான்காம் சுற்று: 10½, 17½, 16
ஐந்தாம் சுற்று: 12, 17, 15½
ஆறாம் சுற்று: 13, 16½, 15

மூன்று எண்களும் 15-ஐ நோக்கி நகர்வதைக் காணுங்கள். யாரும் 15 என்று ஆணையிடவில்லை. உற்றுப் பார்த்தால் காரணமும் தெரிகிறது. ஒவ்வொரு புதிய இடைவெளியும் பழைய இடைவெளியில் ஐந்தில் நான்கு பங்கும், அதற்கடுத்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்தது. 7 என்பது 5-இல் நான்கு பங்கும் 15-இல் ஒரு பங்கும் கூட்டியது. சராசரி எடுத்துக்கொண்டே போனால் ஏற்றத்தாழ்வு கரைந்துவிடும். கவிழ்ந்திருந்த கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தாயிற்று! இதைக் கண்டுகொண்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

ஒரு வண்டி பழுதாகி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். மீதி இரண்டும் தாமாகவே 23 நிமிடச் சொச்ச இடைவெளிக்கு வந்து நிற்கின்றன. அட்டவணை முறையில் அந்த வண்டியின் இடம் அப்படியே ஓட்டையாகக் கிடக்கும். அந்த ஓட்டையில் விழுபவர் என்னைப் போன்றவர்.

இந்த முறையை வெறும் தாளோடு விடாமல், தங்கள் கல்வி நிறுவனத்தின் பேருந்து வழியிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். வளாகம் இதற்கு நல்ல ஆய்வுக்கூடம். வழி குறுகியது. பேருந்து ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. ஆராய்ச்சியாளரே அதில் ஏறிப் போகலாம். வகுப்பு மணி அடித்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தத்துக்கு வருவதால் சோதனையும் கடுமையானது. ஏதேனும் இடையூறு நேர்ந்தாலும், மேலதிகாரி தலையிடாமல், ஓட்டுநருக்கே தெரியாமல், இடைவெளிகள் மீண்டும் சமமாகின்றன என்பது அவர்கள் கண்டது.

சில சங்கடங்கள்

எல்லாவற்றுக்கும் விலை உண்டு. வண்டிகள் நிற்காமலே சுற்றினால் இடைவெளி 14 நிமிடமாக இருந்திருக்கும். நிற்பதால் 15 ஆகிறது. மேலும், மேலே கண்ட ஆறு சுற்று என்பது நான்கு மணி நேரத்துக்கு மேல். காலைக் கூட்டம் அதுவரை காத்திராது. பங்கை ஐந்தில் ஒன்றுக்குப் பதில் பாதியாக வைத்துப் போட்டேன். மூன்றாம் சுற்றிலேயே இடைவெளிகள் 15, 18½, 16 என்று வந்துவிட்டன. ஆனால் அப்போது சம இடைவெளியே ஏறக்குறைய 17 நிமிடமாகிவிடுகிறது, ஒவ்வொரு வண்டியும் எட்டு நிமிடத்துக்கு மேல் நிற்கிறது. விரைவில் குணமாக வேண்டுமானால் மருந்து கசக்கிறது. காலையில் முதல் நடையையே சம இடைவெளியில் தொடங்கிவிட்டால் சிறிய பங்கே போதும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. நாளொன்றுக்கு மூன்று நடை மட்டும் வரும் கிராமப் பேருந்துக்கு இது உதவாது. அங்கே அட்டவணைதான் தெய்வம். அடிக்கடி வரும் பேருந்துக்கே, அதாவது மணி பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகும் வழிகளுக்கே, இது பொருந்தும். எங்கள் ஊர்ப் பேருந்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மூன்று வண்டிகள் ஓடுவதால் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அந்தத் துணிச்சலில், நகரப் பேருந்து நிலையத்தின் டைம் கீப்பரிடம் போய் என் தாளைக் காட்டினேன். வயதானவர், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “மூணு நிமிஷம் வண்டியை நிறுத்தினா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவன் என்னைச் சும்மா விடுவானா தம்பி? வெயில் நேரம் வேற. கலெக்‌ஷன் குறைஞ்சா பதில் சொல்றது யாரு?” என்றார்.

கலெக்‌ஷனைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. முன்வண்டியை முந்தினால் கூட்டம் கிடைக்கும் என்ற நினைப்பு இருக்கும்வரை, நில் என்று சொல்வது கடினம்தான். முதல் கேள்விக்கு மட்டும் என்னால் முடிந்ததைச் சொன்னேன். உள்ளே இருப்பவரின் மூன்று நிமிடம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, அவர் குரலும் கேட்கிறது. வழி நெடுக வெளியே நிற்பவர்களின் இருபது நிமிடம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நடத்துனரின் கணக்கில் ஏறினவர் எண்ணிக்கை இருக்கிறது, நின்றவர் நேரம் இல்லை. வேண்டுமானால் எங்கள் நிறுத்தத்தில் ஒரு வாரம் நான் குறித்துத் தருகிறேன் என்றேன். என் தாயார் காலை ஐந்தரை மணி முதல் அங்கேதான் இருக்கிறார். வண்டி வரும் நேரத்தைச் சொல்ல அவரைவிடத் தகுந்தவர் கிடையாது.

அவர் தாளை மறுபடி வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “எழுத்து பொடிசா இருக்கு தம்பி, கண்ணாடி போட்டும் தெரியலை. அந்தக் கட்டத்தைப் பெரிசா எழுதிக் கொண்டு வா. திங்கக்கிழமை வேண்டாம், கூட்டமா இருக்கும். செவ்வாக்கிழமை பதினொரு மணிக்கு மேல வா” என்றார்.

இதை எழுதும் இன்று ஞாயிறு. பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.